பம்ப் ஹவுஸுக்குப் பின்னால்

ஞாயிற்றுக்கிழமை என்றால் மனுஷன் காபியைக் குடித்தோமா, பேப்பரை விரித்தோமா என்று இருக்க வேண்டும். மஹாதேவனுக்கு அந்தக் கொடுப்பினை ஆகஸ்டோடு போயிற்று. காலை ஏழு மணிக்கெல்லாம் அவர் மனைவி சகுந்தலா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள். ஒரு தோளில் தயிர்சாதப் பை, இன்னொரு தோளில் பழைய பெட்ஷீட்டில் சுற்றிய மெஷின். கல்கத்தாவில் லேக் மார்க்கெட் வீட்டு மாடிப்படி ஏறுவதற்கே முழங்கால் வலி என்று முனகுகிறவள், அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு ஜாதவ்பூர் ஸ்டேஷன் ஓவர்பிரிட்ஜில் அவருக்கு முன்னால் ஏறிவிடுவாள். "வாங்கோன்னா, இந்த வண்டியை விட்டா அடுத்தது முக்கால் மணி கழிச்சுதான்" என்று மேலே நின்று அதட்டல் வேறு.

போகிற இடம் ஒன்றும் க்ஷேத்திரம் இல்லை. லோக்கல் ரயிலில் தெற்கே அரை மணி, அப்புறம் சைக்கிள் வேனில் கால் மணி. ஒரு காலத்தில் நூற்று நாற்பது குவார்ட்டர்ஸ், கிளப், டிஸ்பென்சரி, வாலிபால் கோர்ட் என்று ஜே ஜே என்றிருந்த கம்பெனி காலனி. எண்பத்தெட்டில் பாக்டரிக்குப் பூட்டு விழுந்தது. தொண்ணூற்று மூன்றில் கடைசிக் குடும்பமும் லாரியில் சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அப்புறம் ஜன்னல், கதவு, குழாய், கரண்ட் கம்பி என்று பிடுங்கக்கூடியதையெல்லாம் யார் யாரோ பிடுங்கியாயிற்று. கூரைகளில் அரசங்கன்று முளைத்துக் கிடக்கிற அந்த இடத்தை அக்கம்பக்கத்தார் 'பூதேர் காலனி' என்றுதான் சொல்கிறார்கள், பேய்க் காலனி. வேன்காரன் கூட கேட் வரைக்கும்தான் வருவான்.

மஹாதேவனும் சகுந்தலாவும் அங்கே பதினேழு வருஷம் குடும்பம் நடத்தினார்கள். இருபத்திரண்டாம் நம்பர் குவார்ட்டர்ஸ். 2004 ஜூனில் ஆபீஸ் வேலையாக அந்தப் பக்கம் போனபோது, கேட்டில் ஒரு பெரிய போர்டு நட்டிருப்பதை மஹாதேவன் பார்த்தார். துர்கா பூஜை முடிந்ததும் எல்லாவற்றையும் இடித்து நிரவி, பன்னிரண்டு மாடிக் கட்டடங்கள் எழுப்பப் போகிறார்களாம். பார்த்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து காபியை வாங்கும்போதே சொல்லிவிட்டார்.

நாலு நாள் கழித்து டிவியில் ஓர் அமெரிக்கன் வந்தான். தொப்பியும் ஹெட்போனுமாக, பாலைவனத்தில் ஆளில்லாமல் போன ஒரு சுரங்க ஊரில், தட்டு வைத்த நீளக் கம்பியைத் தரையோடு தரையாக வீசிக்கொண்டே நடந்தான். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் மெஷின் கத்தும்; நிற்பான், தோண்டுவான். ஸ்பூன், பொத்தான், குதிரை லாடம், கடைசியில் ஒரு குழந்தையின் கைக்காப்பு. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த சகுந்தலா கத்தியை வைத்துவிட்டு எழுந்து நியூஜெர்ஸியில் இருக்கும் தம்பி விக்ரமுக்குப் போன் போட்டாள். ஆகஸ்ட் கடைசியில் லீவுக்கு வந்த விக்ரம், சாக்லேட் பெட்டிகளோடு அதே மாதிரி ஒரு மெஷினையும் கொண்டுவந்து இறக்கினான். அக்காவுக்கு வயசான காலத்தில் நல்ல ஹாபி என்று அவனுக்கு ஒரே சந்தோஷம்.

"மதுவோட தண்டை மண்ணுக்குள்ளதானே இருக்கு," என்றாள் சகுந்தலா, அன்று சாயங்காலம், கணவரிடம். "வெள்ளி மக்கிப் போகாது. தண்டை கெடைச்ச எடத்துல கொழந்தை இருக்கான். புல்டோசர் வரதுக்கு முன்னாடி எனக்கு எடம் தெரியணும்."

மஹாதேவன் தலையை ஆட்டினார். வேறு என்ன செய்ய முடியும்?

மது அவர்களுடைய முதல் குழந்தை. எழுபத்தெட்டு செப்டம்பரில், கல்கத்தாவையே முழுக அடித்த அந்த மழையில், எட்டு மாதத்தில் போய்விட்டான். மூன்று நாள் காய்ச்சல். டாக்டர் வர வழியில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகவும் வழியில்லை. நாலாம் நாள் காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. பச்சைக் குழந்தையை எரிக்கிற வழக்கம் இல்லை, புதைக்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் சுடுகாட்டுக்கு எப்படிப் போவது? காலனிக்குள்ளேயே ஒரு மேடான இடமாகப் பார்க்கலாம் என்றார் பதினாலாம் நம்பர் நடராஜன். மஹாதேவனைவிட இருபது வயது மூத்தவர், நல்லது கெட்டது எல்லாம் அறிந்தவர். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார், மஹாதேவன் குழந்தையை எடுத்துக்கொண்டார். பெண்கள் வரக்கூடாது. வாசல் நடையில் சகுந்தலா குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "தண்டையைக் கழட்டிடாதேங்கோ. வெறுங்காலோட அனுப்பாதேங்கோ" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சரி என்றார் மஹாதேவன்.

அங்கே போனதும் நடராஜன், "உலோகம் கூடாதுடா, கழட்டு" என்றார். மஹாதேவன் கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது நடராஜன் இன்னொன்றும் சொன்னார்: "பெத்தவகிட்ட எடத்தைச் சொல்லாதே. தெரிஞ்சா காலு தானா அங்க போகும். அடுத்தது தங்காது." வீட்டில் சகுந்தலா கேட்டாள். மஹாதேவன் வாய்க்கு வந்ததைச் சொன்னார், பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் என்று.

புதைத்தது அங்கே இல்லை. அது கிளப்புக்குப் பின்னால், மண்மேட்டில், ஒரு பலாமரத்தடியில்.

இளவயதில் சொன்ன ஒரு பொய். நாலைந்து மாதத்தில் சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் சகுந்தலா வெள்ளிக்கிழமைதோறும் பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் போய் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வர ஆரம்பித்தாள். வெறும் சேற்றையும் குழாயையும் பார்த்துக்கொண்டு நிற்கிறவளிடம் போய், நீ நிற்பது தப்பான இடம் என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு வெள்ளிக்கும் சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று. தண்டை ஆபீஸ் மேஜை டிராயரில் பழைய டைரிக்கு அடியில் கிடந்தது. எண்பத்தொன்றில் ஜெயப்ரியா பிறந்தாள். அவளுக்கு ஒரு வயது ஆனபோது மஹாதேவன் தண்டையை லேக் மார்க்கெட் ஆசாரியிடம் கொடுத்து உருக்கி, மகளுக்குக் கொலுசாகப் பண்ணிக்கொண்டு வந்தார். எங்கேயோ டிராயரில் கிடப்பதற்கு அண்ணன் வெள்ளி தங்கை காலில் இருக்கட்டுமே என்று தோன்றியது. கொலுசு வீடு முழுக்க ஜல் ஜல் என்று ஓடும்போது அவருக்கு உட்காரவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. ஜெயப்ரியா இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். நடராஜன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆயிற்று. இடம் தெரிந்த ஒரே ஜீவன் மஹாதேவன்தான்.

ஆகவே, இல்லாத தண்டையை இல்லாத இடத்தில் தேடுகிற மனைவிக்குப் பின்னால், குடையும் தோசைத்திருப்பியுமாக அவர் நடந்தார். தோசைத்திருப்பி தோண்டுவதற்கு. சகுந்தலா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சணல் கயிறு கட்டிப் பிரித்த கட்டங்களில் ஒவ்வொன்றாக மெஷினை வீசுவாள். அது நிமிஷத்துக்கு ஒரு தரம் கத்தும். பம்ப் ஹவுஸ் என்றால் சும்மாவா? நட்டு, போல்ட்டு, வாஷர், குழாய்த்துண்டு, சோடா மூடி. மூன்றாவது ஞாயிறு ஒரு எவர்சில்வர் கரண்டி வந்தது. மண்ணைத் துடைத்தால் காம்பில் 'காமு' என்று பெயர் வெட்டியிருக்கிறது, நடராஜனின் மனைவி காமு மாமியுடையது. "மாமி இதுக்காக வேலைக்காரியை நிறுத்தினாளே!" என்று சகுந்தலா சிரித்தாள். மஹாதேவனும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அவள் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள்.

கேட்டில் காவலுக்கு இருந்த தர்வானுக்கு ஒரே சந்தேகம். மதராஸிகள் போகும்போது தங்கத்தைப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டான். திரும்பும்போதெல்லாம், "மாஷிமா, பேலேன் கிச்சு?" என்று கேட்டுப் பையை எட்டிப் பார்ப்பான். ஏதாவது கிடைத்ததா என்று கேட்கிறான். சகுந்தலா அவன் கையில் ஒரு துருப்பிடித்த போல்ட்டை வைத்துவிட்டுப் போவாள்.

மஹாதேவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீஸில் ஒரே பைலை மூன்று தரம் திறந்து மூடினார். ராத்திரி தூக்கம் போயிற்று. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பார்; எதைச் சொல்வது என்று தெரியாது. இடத்தைச் சொன்னால், அப்போது தண்டை எங்கே என்பாள். தண்டையைச் சொன்னால், கெஞ்சினேனே என்பாள். ஒரு பொய் என்றால் உடைத்துவிடலாம், இரண்டு பொய்கள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றன. போதாக்குறைக்கு அவள் கிளப் பக்கம் மெஷினைத் திருப்பும்போதெல்லாம், "அந்தப் பக்கம் வேண்டாம், பாம்பு" என்று வேறு சொல்லி வைத்திருந்தார்.

ஐந்தாவது ஞாயிறும் வெறுங்கையோடு திரும்பினார்கள். ரயிலில் சகுந்தலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல், எதிர் சீட்டுக்காரர் தெரிந்துகொள்ளாதபடி. அதைப் பார்த்ததும் மஹாதேவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாளே கரியாஹாட்டில் ஒரு நகைக்கடைக்குப் போய், குழந்தைக்குத் தண்டை வேண்டும் என்றார். பேரனா பேத்தியா என்று கடைக்காரர் கேட்டார். மகன் என்றார் மஹாதேவன். கடைக்காரர் அவருடைய நரைத்த தலையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பெட்டியைத் திறந்தார்.

தண்டை பளபளவென்று இருந்தது. மண்ணில் இருபத்தாறு வருஷம் கிடந்த வெள்ளி அப்படியா இருக்கும்? கறுத்திருக்க வேண்டாமா? ஆபீஸில் கெமிஸ்ட்ரி படித்த ஒருவரிடம் சுற்றி வளைத்துக் கேட்டார். "அவிச்ச முட்டையோட ஒரு டப்பாவுல மூடி வையுங்க, ஒரே நாள்ல கறுத்துடும்" என்றார் அவர். பிறந்ததிலிருந்து முட்டையைக் கையால் தொட்டிராத மஹாதேவன், நடைபாதைக் கடையில் நாலு அவித்த முட்டை வாங்கிப் பையில் மறைத்துக்கொண்டு வந்து, டப்பாவை ஆபீஸ் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். இரண்டு நாள் அந்த அறைக்கு ஒருவரும் வரவில்லை. தண்டை நன்றாகவே கறுத்தது. வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, தர்வான் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து உள்ளே நுழைந்து, பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் ஒரு முழ ஆழத்தில் புதைத்துவிட்டு வந்தார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார். நாலு வாரத்தில் முதல் தூக்கம்.

ஆறாவது ஞாயிறு. பூஜைக்கு முந்தின ஞாயிறு. காலனிக்குள் இரண்டு பெரிய மஞ்சள் புல்டோசர்கள் வந்து நின்றுவிட்டன. சகுந்தலா அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். இன்றைக்கு அவள் கயிறு கட்டவில்லை. இஷ்டத்துக்கு அங்கும் இங்கும் போனாள். மஹாதேவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அந்த மூலையில ஒரு தரம் பாரேன்," என்றார்.

"பாத்தாச்சு, ரெண்டாவது வாரமே."

"இன்னொரு தரம் பாரேன், என்ன கெட்டுப் போறது?"

சகுந்தலா அவரைப் பார்த்தாள். போனாள். மெஷின் கத்தியது. அவரே மண்டிபோட்டுத் தோண்டப் போனார். அவள் தோசைத்திருப்பியை வாங்கிக்கொண்டு தானே தோண்டினாள். மண் பொதபொதவென்று வந்தது. கறுப்பாக ஒரு வளையம், பக்கத்திலேயே இன்னொன்று.

"கெடைச்சுடுத்து! சகு, கெடைச்சுடுத்து!" என்றார் மஹாதேவன். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

சகுந்தலா தண்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் துடைத்தாள். அழவில்லை. மூக்கருகில் கொண்டுபோனாள்.

"வியாழக்கிழமை உங்க பையைத் தோய்ச்சேன்," என்றாள். "முட்டை நாத்தம். பாவம், பக்கத்து சீட்டுக்காரன் எதையோ கொட்டிட்டான் போலருக்குன்னு நெனச்சேன்."

மஹாதேவன் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"கரியாஹாட்டா? நல்ல வேலைப்பாடு." தண்டையை அவர் கையில் வைத்தாள். "மதுவோட தண்டை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதான்னா? ப்ரியாவுக்கு ரெண்டாவது வயசுல கொலுசு அறுந்துபோய் ஆசாரிகிட்ட எடுத்துண்டு போனேன். 'மாமா குடுத்த தண்டை வெள்ளி, சொக்க வெள்ளி மாமி, அறுபடக் கூடாதே'ன்னான். கடையிலேயே உக்காந்துட்டேன். தண்ணி குடுத்து அனுப்பிச்சான்."

"சகு..."

"அதுக்காக உங்க மேல கோவம் இருந்தது. அவ ஓடற சத்தம் கேக்கக் கேக்கப் போயிடுத்து."

"தெரிஞ்சுண்டேவா இந்த மெஷினைத் தூக்கிண்டு... ஆறு வாரமா..."

"மெஷினை யார் பாத்தா? நான் உங்களைன்னா பாத்துண்டு வந்தேன்." சகுந்தலா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் விட்டுக்கொண்டாள். "அன்னிக்கு பம்ப் ஹவுஸ் ஜன்னல் மட்டும் தண்ணி. அதுக்குள்ள எப்படித் தோண்டினேள்? தண்ணி வடிஞ்ச மறுநாளே சொவத்துல கறையைப் பாத்துட்டேன். இங்க இல்லைன்னு அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்டி பதினஞ்சு வருஷம் இங்க வந்து நின்னே?"

"வேற எங்க போய் நிக்கறது? நீங்க காட்டின எடம் இதுதானே. என்னிக்காவது ஒரு வெள்ளிக்கிழமை வந்து, 'இங்க இல்லைடி, வா'ன்னு கையைப் பிடிச்சு அழைச்சுண்டு போவேள்னு நின்னேன். நீங்க வரலை. சரி, வேற ஊர் இல்லையே, இதே காலனியில எங்கயோதானே இருக்கான்னு இருந்துட்டேன். இப்போ இடிச்சுட்டா?"

புல்டோசர் டிரைவர்கள் நிழலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். மஹாதேவனுக்குக் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கையிலிருந்த தண்டையைப் பையில் போட்டார், மறுபடியும் எடுத்தார்.

"இங்க எங்க வேணா நடக்கறேள்," என்றாள் சகுந்தலா. "முள்ளுல நடக்கறேள், சேத்துல நடக்கறேள். அந்தக் கிளப் பக்கம் மட்டும் உங்க காலு போகமாட்டேங்கறது. நான் திரும்பினா பாம்புங்கறேள். பாம்புன்னு சொல்ற மனுஷன் கையில ஒரு கம்பு எடுத்துண்டு வர மாட்டாரோ? குடித்தனம் இருந்தப்பவும் கிளப்புக்கு ரோடைச் சுத்திண்டுதான் போவேள். அங்கதானே? பலாமரத்துக்கிட்ட?"

அவர் தலையை ஆட்டினார். பம்ப் ஹவுஸ் சுவரைப் பிடித்துக்கொண்டார். இருபத்தாறு வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது, குழந்தைபோலத் தேம்பித் தேம்பி. சகுந்தலா சமாதானம் சொல்லவில்லை. மெஷினைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அவர் முடிக்கும்வரை காத்துக்கொண்டு நின்றாள்.

"நானே போயிருப்பேன்," என்றாள். "நேத்திக்குக் கூடப் போயிருப்பேன். நீங்க அழைச்சுண்டு போகணும்னுதான்."

மஹாதேவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஆறு வாரத்தில் அவர் முன்னால் நடந்தது அதுதான் முதல் தடவை. கிளப்பின் பின்சுவர் விழுந்து கிடந்தது. அதைத் தாண்டி மண்மேடு, மேட்டில் பலாமரம். அன்றைக்கு ஆள் உயரம் இருந்த மரம் இப்போது இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற அளவுக்குப் பருத்திருந்தது. அவர் வேருக்குக் கிழக்கே ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டினார். இடத்தில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

சகுந்தலா செருப்பைக் கழற்றினாள். குனிந்து தரையைத் தொட்டாள்.

"தலையை எந்தப் பக்கம் வெச்சேள்?"

"தெக்க வெக்கணும்னு நடராஜன் சொன்னார்," என்றார் மஹாதேவன். "நான் கேக்கலை. நம்ம வீட்டைப் பாக்கறாப்பல வெச்சேன். நீ உள்ள அழுதுண்டிருந்தே. இங்க வரைக்கும் கேட்டது."

சகுந்தலா திரும்பிப் பார்த்தாள். புதர்களுக்கு மேலே, கூரை போன இருபத்திரண்டாம் நம்பரின் பின்பக்கச் சுவர் தெரிந்தது. பிறகு மரத்தடியில் நிமிர்ந்து, வீட்டை நோக்கி நாலடி எடுத்து வைத்து, மரத்தைப் பார்க்கத் திரும்பி, மகனின் பார்வைக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள்.